பத்து சென்டிமீட்டர் கட்டம்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவேன். அலாரம் வைப்பதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும்வரை மொட்டை மாடியில் நிற்பேன். பிறகு கடுங்காப்பி, சர்க்கரை இல்லாமல். குளித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். ஏழரைக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, கதவோரத் தட்டிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைப்பேன். இப்போது அங்கே பேனா இல்லை. ஆனாலும் திறக்கிறேன். எட்டு பத்துக்குக் கிரில் கேட்டை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுக் கிளம்புவேன். வீட்டில் ஆள் இருந்தபோதும் அப்படித்தான்.

உங்கள் அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுத்த முதல் வாக்குமூலத்தின் நகலைத் திரும்பப் படித்தேன். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு நான்கு வருஷம். வரிசையாகக் கேட்டீர்கள். வரதட்சணை கேட்டதுண்டா? இல்லை. அடித்ததுண்டா? இல்லை. குடி? இல்லை. வேறு பெண்? இல்லை. என் மாமனார் அங்கப்பனைக் கூப்பிட்டும் கேட்டீர்கள். "மாப்பள தங்கமானவருங்க. புள்ளைக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சேதானுங்க கட்டிக்கிட்டாரு" என்று சொல்லி அவர் அழுதார். அதுவும் உண்மை. எல்லாப் பதில்களும் உண்மைதான். கேள்விகள்தாம் வேறு. எங்கள் வீட்டுக்கு வந்த உங்கள் ஆட்கள் மேசைமேல் கிடந்த ஒரு தாளின் மீது டீ டம்ளர்களை வைத்தார்கள். வளையம் வளையமாகக் கறை படிந்திருக்கிறது. அந்தத் தாளை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. இரண்டு வாரமாக எனக்கு இருக்கும் எரிச்சல் அதுதான்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். தவறான ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால், திருத்தி எழுதி மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் இது.

என் மனைவி லோகப்பிரியா. வயது இருபத்தேழு. பதினைந்து வயதிலிருந்து சர்க்கரை, இன்சுலின். அவளுக்காக நானும் சர்க்கரையை விட்டேன். எங்கள் வீட்டில் அந்த டப்பாவே கிடையாது. பீளமேட்டில் கோமளாக்காவின் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். அக்கா கீழே இருக்கிறார்.

ஜனவரியில் பிரியா தையல் மெஷின் வாங்கினாள். கம்ப்யூட்டரில் கிடைக்கும் பேட்டர்ன்களை, அதாவது துணி வெட்டும் அளவு மாதிரிகளை, பார்த்து வெயில் காலத்துக்குப் போடும் கவுன் தைக்கப் போவதாகச் சொன்னாள். ஈரோட்டிலிருந்து மல் துணி வந்தது. வெளிர் மஞ்சளில் சின்ன நீலப்பூ. கையில் எடுத்தால் எடையே தெரியாது. அவளோடு கல்லூரியில் படித்த வர்ஷினி என்ற பெண் சாய்பாபா காலனியில் துணிக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு தையல் டிசைனர் தேவைப்பட்டார். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. ஒரே நிபந்தனைதான். பேட்டர்னிலிருந்து நீயே வெட்டி, நீயே தைத்து, அதை நீயே உடுத்திக்கொண்டு வா. நாள், மே பன்னிரண்டு, பகல் பதினொரு மணி.

பேட்டர்ன் முப்பத்திரண்டு பக்கம். ஏ4 தாளில் அச்செடுத்து, ஓரங்களை ஒட்டி, வீட்டுத் தரை அளவுக்கு ஒரே தாளாக்கி, அதிலிருந்து துண்டுகளை வெட்ட வேண்டும். அதை நான் கம்பெனியில் அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒட்டினோம். கோமளாக்கா வாசலில் நின்று பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஒரு நைட்டி தெக்கறதுக்கு இத்தன தாளா?"

"நைட்டி இல்லீங்கக்கா, கவுனு. இதப் போட்டுட்டு ரோட்டுல போலாமுங்க."

"நைட்டியப் போட்டுட்டுத்தான் பாதிக் கோயமுத்தூரு பால் வாங்கப் போகுது" என்றார் அக்கா. பிரியா வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே சிரித்தாள்.

முதல் பக்கத்தின் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து. துணியில் கத்தரி வைக்கும்முன் அதை அளந்து பார்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அச்சு சரியான அளவில் வந்திருக்கிறதா என்பதற்கு அதுதான் சோதனை.

"இத அளந்து பாக்கோணும்னு போட்டிருக்குதுங்க" என்றாள்.

"கம்பெனி பிரிண்டர். தப்பு வராது" என்றேன்.

அவள் அளக்கவில்லை. மைக்ரான் கணக்கில் வேலை செய்கிறவன் சொன்னதால் அளக்கவில்லை.

பத்து நாள் தைத்தாள். நான் சாயங்காலம் வரும்போது கூடத்தில் நடக்க இடம் இருக்காது. நூல்துண்டுகள் காலில் ஒட்டும். எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். வாயில் ஊசி. சட்டினி இருக்கிறதா என்றால் ம். உன் அப்பா போன் செய்தார் என்றால் ம். பகல் முழுக்க வார்ப்புகளை அளந்து, பாதியை நிராகரித்து, அதற்கு மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறவன் ஒரு முழுச் சொல்லை எதிர்பார்ப்பது அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

கவுன் முடிந்ததும் உடுத்திப் பார்த்தாள். முதுகு ஜிப் பாதியில் நின்றுவிட்டது. "கொஞ்சம் இழுங்க" என்றாள். இழுத்தேன். விலாப்பக்கம் தையல் பிரிந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் தோளில் சாய்ந்தாள்.

"எனக்கு என்னங்க ஆச்சு? நான் ஊதிட்டனா?"

அவள் அப்படிச் சாய்ந்து பல மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் கம்பெனிக்கு முதல் பக்கத்தைக் கொண்டுபோய் வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். 9.4. பிரிண்டர் படத்தைத் தாளுக்குள் அடக்குவதற்காகத் தானாகவே ஆறு சதம் சுருக்கியிருந்தது. அச்செடுக்கும்முன் திரையில் அதற்கான டிக்கை நான் எடுத்துவிட்டிருக்க வேண்டும். என் தவறுதான், சந்தேகமில்லை. சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். வழி முழுக்க அந்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

வீட்டில் மெஷினுக்கு உறை போட்டிருந்தது. கூடம் பெருக்கியிருந்தது. பிரியா எனக்கு முன்னால் உட்கார்ந்து பரிமாறினாள். வாயில் ஊசி இல்லை.

"நெசமாவே சொல்லுங்க. ஊதிட்டனா?"

"கொஞ்சம்" என்றேன்.

அவளுடைய உடம்புக்கு அந்த வேலை ஒத்துவராது என்று நான் முன்பிருந்தே நினைத்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட முடியாது. இன்சுலின் போடுகிறவளுக்கு நேரம்தான் மருந்து. இதை நேராகச் சொன்னால் சண்டை வரும். கவுன் பொருந்தவில்லை என்றால் சண்டை இல்லாமலே முடிந்துவிடும். எனக்கு அது அன்பான வழியாகத் தெரிந்தது. இன்றைக்கும் அதில் பெரிய பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

அவள் விடவில்லை. ஒரு வாரம் கழித்து, ஒரு சைஸ் பெரிதாக அச்செடுத்து வரச் சொன்னாள். கூடவே, "இந்தவாட்டி அந்தக் கட்டத்த அளந்து போட்டுத்தானுங்க கத்தரி வெப்பேன்" என்றாள்.

ஒரு சைஸ் கூடினால் ஏறக்குறைய நான்கு சதம் கூடும். அதற்குள் அவள் இளைக்கத் தொடங்கியிருந்தாள். இடுப்பை நான்தான் அளந்து சொல்வேன். அரை அங்குலம் குறைந்திருந்தது. "அப்படியேதான் இருக்குது" என்று சொல்லியிருந்தேன். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். பதினோரு சதம் குறைத்து அச்செடுத்தால் போன தடவை போலவே இறுக்கமாக வரும். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் சுத்தமான பத்து சென்டிமீட்டர் கட்டம் ஒன்றை வரைந்து ஒட்டினேன். மதிய இடைவேளையில் அரை மணி நேர வேலை. கோட்டின் தடிமன்கூட ஒன்றாக இருந்தது.

பிரியா டேப்பை வைத்து அளந்தாள். நீளம் பத்து, அகலம் பத்து.

"மன்னிச்சுக்கங்க" என்றாள். "போனவாட்டி உங்க பிரிண்டருதான் தப்புன்னு மனசுக்குள்ள நெனச்சுப்போட்டேன்."

பரவாயில்லை என்றேன்.

அந்தக் கவுனும் ஏறவில்லை. அதன் பிறகு அவள் அழவில்லை. சாப்பாட்டைக் குறைத்தாள். காலையில் ஒரு தோசை, மதியம் மோர். பிஸ்கட், பழம் எல்லாவற்றையும் எடுத்துக் கோமளாக்காவிடம் கொடுத்துவிட்டாள். இன்சுலினைத் தானாகவே கூட்டிக் குறைத்துப் போட்டுக்கொண்டாள். சர்க்கரை பார்க்கும் மீட்டரில் ஒருநாள் அறுபத்து நான்கு, ஒருநாள் ஐம்பத்தெட்டு என்று வரும். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. எண்கள் எனக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரியும்.

ஒருநாள் மாடிப்படியில் கோமளாக்கா என்னை நிறுத்தினார்.

"ஏனுங் தம்பி, புள்ள நூலாட்டம் ஆயிருச்சு. நீங்க ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களா?"

"சொல்லிட்டுத்தானுங்கக்கா இருக்கேன்."

"அப்பறம் அதென்ன, புள்ளய உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுப் போறீங்க?"

"மெஷின் ஓடறப்ப யாரு வந்தாலும் அவளுக்குக் கேக்காதுங்க. திருட்டு பயம்."

இது முன்பிருந்தே உள்ள பழக்கம். அவள் கையில் இன்னொரு சாவி இருந்தவரை அது பெரிய விஷயமில்லை. பிப்ரவரியில் அது தொலைந்துவிட்டது. வீடு முழுக்கத் தேடினாள். அது என் கம்பெனி லாக்கரில் இருக்கிறது.

மே பதினொன்று ஞாயிறு. பிரியா என்னை வண்டியில் கூட்டிப்போகச் சொன்னாள். மசக்காளிபாளையம் ரோட்டில் காளிச்சாமி என்ற டெய்லர் இருக்கிறார். அவளுடைய ஜாக்கெட்டுகளை அவர்தான் தைப்பார். பழைய கவுனைக் கொஞ்சம் பிரித்துவிட முடியுமா என்று கேட்கப் போவதாகச் சொன்னாள். நான் எதிரே பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில், கையில் சுருட்டிய பேட்டர்ன் தாளோடு திரும்பி வந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "நேரமில்லீங்களாம்" என்றாள். வண்டியில் வரும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்குள் நடந்தது, காளிச்சாமி துக்கம் விசாரிக்க வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாளில் முதுகு நீளம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று அச்சடித்திருக்கிறது. அவர் டேப்பை வைத்தால் முப்பத்து நான்கு வருகிறது. "அன்னிக்கே சொன்னனுங்க சார். அம்மணி, உங்க ஒடம்புல குத்தமில்லீங்க, தாளுலதான் குத்தம்னு. அவங்க கேட்டுட்டுத் தாளச் சுருட்டுனாங்க. சிரிச்சாங்க." அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதுகு நீளம் எண்ணாக அச்சாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதையும் மாற்றியிருக்க வேண்டும்.

அன்று மாலை முழுக்க அவள் செய்தித்தாளை விரித்து, சரியான அளவில் தானே கோடு போட்டு, மிச்சமிருந்த துணியை வெட்டித் தைத்தாள். நான் டிவி பார்த்தேன். மெஷின் சத்தம் நிற்காமல் வந்தது. எதுவும் கேட்கவில்லை. கேட்டால் "ம்" என்றிருப்பாள்.

மறுநாள் காலை. ஐந்தே முக்கால், மோட்டார், காப்பி, இஸ்திரி, ஏழரைக்குப் பேனா. அவள் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இட்லியை எடுத்து வைத்தாள். கவுனை உடுத்தியிருந்தாள். ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது. தோளில் சுருக்கமில்லை. இடுப்பில் சரியாக நின்றது. கீழ் மடிப்பு மட்டும் பாக்கி. அங்கே குண்டூசிகள் இருந்தன. நான் வாழ்க்கையில் அளந்த எதையும்விட அது சரியாக இருந்தது. இதை நான் சொல்லியாக வேண்டும்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பேட்டர்னின் முதல் பக்கத்தை என் முன்னால் விரித்தாள். டேப்பை அதன் மேல் வைத்தாள்.

"கட்டம் மட்டும் சரியா இருக்குதுங்க. மத்ததெல்லாங் கொறையுது. பிரிண்டரு இப்படிப் பண்ணாது, இல்லீங்களா?"

நான் தாளை ஓரமாகத் தள்ளினேன்.

"எதுக்குங்க?"

"மொதல்ல சாப்பிடு."

"நீங்க சொல்லுங்க. சாப்பிடறேன்."

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. மூன்று மாதம் நான் யோசித்துச் செய்ததை ஒரே சொல்லில் கேட்டால் எப்படிச் சொல்வது? மணி எட்டாகிவிட்டது. தட்டை எடுத்துப்போய் இட்லியைக் குப்பையில் போட்டுவிட்டுத் தொட்டியில் கழுவினேன். வீட்டில் உடனே சாப்பிட வேறு எதுவும் இல்லை. கழுவிவிட்டுத் திரும்பியபோது அவள் மீட்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நான்கு. மேலுதட்டில் வியர்வை. டேப்பைச் சுருட்ட முயன்றாள், விரல்கள் நடுங்கியதால் அது கையிலிருந்து அவிழ்ந்துகொண்டே இருந்தது. ஊசி மருந்து உள்ளே போயிருந்தது. அதற்கு ஈடாகச் சாப்பாடு போகவில்லை. அடுத்து என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"குளுக்கோஸ் வாங்கிட்டு வரச் சொன்னனுங்களே?"

"மறந்துட்டேன்."

மறக்கவில்லை. சனிக்கிழமையே வாங்கிவிட்டேன். வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கோமளாக்கா ஒரு கல்யாணத்துக்காக விடிகாலையிலேயே ஈரோட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். படியில் பார்த்துப் போய்வரச் சொன்னவனே நான்தான்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். வெளியே வந்து கேட்டைப் பூட்டினேன். எட்டு பத்து.

எட்டு பத்தொன்பதுக்கும் எட்டு இருபத்திரண்டுக்கும் அவள் எனக்கு போன் செய்திருக்கிறாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். எட்டரைக்குத்தான் லாக்கரில் வைத்தேன். வைக்கும்முன் பார்த்தேன். பக்கத்தில் இரண்டாவது சாவி இருந்தது. கோமளாக்காவுக்கு ஒருமுறை செய்திருக்கிறாள். மேளச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்கவில்லை. சர்க்கரை அவ்வளவு இறங்கினால் அதற்குமேல் போன் போடும் நிதானம் இருக்காது. மதியம் ஒன்றரைக்கு எனக்குச் சாப்பாட்டு இடைவேளை. வீட்டுக்குப் பத்து நிமிஷம். கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டேன். அவள் நான் வரும்வரை தாங்குவாள், பயந்துபோய் என்னைப் பார்ப்பாள், தோளில் சாய்வாள் என்று நினைத்தேன். அக்கா திரும்பி வந்து கிரில்லுக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது மணி நான்கு. பிரியா கேட்டுக்கு உள்பக்கம், ஒரு கையைக் கம்பிக்கு வெளியே நீட்டியபடி கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்கள். அது சரியான பதில். பிரேதப் பரிசோதனைக்காகக் கவுனைக் கத்தரித்து எடுத்து, ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் எடுத்துப் பார்த்தேன். துணிதான் வெட்டுப்பட்டிருந்தது. தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை.

ஆகவே திருத்தம் இதுதான். லோகப்பிரியாவைக் கொன்றது நான். அவள் நலத்துக்காகத் தொடங்கினேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தாளை எடுத்துப்போய் அளந்து பாருங்கள். கட்டத்தை அல்ல, மற்றதை.

இன்னொரு திருத்தம். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தீர்கள். "சாயங்காலம் நேரமே வந்துருங்க" என்று சொன்னதாக முதல் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. நான் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நின்று முழுதாகக் கேட்டேன். அவள் இரண்டு கையாலும் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. அந்த மஞ்சள் கவுன் காலை வெயிலில் நன்றாக இருந்தது. அவள் சொன்னது:

"ஏனுங்க, சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க. மத்தத நானே அளந்துக்கறேனுங்க."